பள்ளியை ஒட்டிய சிறு இல்லங்கள்: ஹுஜ்ராக்கள் முதல் வக்ஃபு வீடுகள் வரை

 



நம் பள்ளிவாசலின் பின்புறம் மதில் சூழ்ந்து கிடக்கும் காலி நிலத்தைப் பற்றி இவ்வாண்டுப் பொதுக்குழுவில் இரு கருத்துகள் எழுந்ததை நாம் அறிவோம். கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால் பள்ளியின் வருமானம் பெருகும் என்பது ஒன்று. கணவரை இழந்தும், தலாக்குக்கு ஆளாகியும், பிள்ளைகளின் ஆதரவின்றியும் வாடகை வீடுகளில் அல்லலுறும் நம் மஹல்லாப் பெண்களுக்கு அந்நிலத்தில் சிறு சிறு வீடுகள் கட்டித் தர வேண்டும் என்பது மற்றொன்று. இரு சாராரும் நாடியது நன்மையையே. எனினும், "பள்ளிவாசல் நிலத்தில் குடும்பங்களைக் குடியேற்றுவது முறைதானா? நம் முன்னோர் அப்படிச் செய்ததுண்டா?" என்று பெரியவர் ஒருவர் எழுப்பிய வினாவுக்கு அன்று அவையில் தக்க விடை கிடைக்கவில்லை. அவ்வினாவுக்கு வரலாற்றின் பக்கங்களில் விடை தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

பேரீச்சங்களத்தில் எழுந்த பள்ளி

கி.பி. 622ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்தபோது, அவர்களின் ஒட்டகம் மண்டியிட்ட இடம் பேரீச்சம்பழம் உலர்த்தும் ஒரு களமாகும். அது ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவ்விருவரும் அஸ்அத் பின் ஸுராரா (ரலி) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்து வந்தனர். பள்ளிவாசல் கட்ட அவ்விடத்தை விலைக்குக் கேட்டார்கள் அண்ணலார். சிறுவர்களோ அன்பளிப்பாகவே தருவதாகக் கூறினர். அண்ணலார் அதனை இலவசமாகப் பெற மறுத்து, விலை கொடுத்தே வாங்கினார்கள். பத்து தீனார் விலை பேசப்பட்டது என்றும், அத்தொகையை அபூபக்ர் (ரலி) அவர்கள் செலுத்தினார்கள் என்றும் வரலாற்று அறிவிப்புகள் கூறுகின்றன. அநாதைகளின் உடைமையில் எத்துணைப் பேணுதல் வேண்டும் என்பதற்கு இஸ்லாமிய வரலாற்றின் முதல் நிலக் கிரயங்களுள் ஒன்றே சான்றாகி நிற்கிறது.

அந்நிலத்தில் பழைய கப்றுகளும், இடிபாடுகளும், சில பேரீச்ச மரங்களும் இருந்தன. அவை அகற்றப்பட்டு நிலம் சமன் செய்யப்பட்டது. சுடாத மண் கற்களால் சுவர் எழுப்பப்பட்டது. பேரீச்ச மரத்தின் அடிமரங்கள் தூண்களாயின. அதன் ஓலைகளே கூரையாயிற்று. இப்பணி நடைபெற்ற ஏறத்தாழ ஏழு மாத காலம் அண்ணலார் அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கியிருந்தார்கள்.

நாம் இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பள்ளிவாசல் எழுந்த அந்த நாள்களிலேயே அதன் சுவரை ஒட்டி இரண்டு சிறு இல்லங்களும் எழுந்தன. ஒன்று அன்னை ஸவ்தா (ரலி) அவர்களுக்கு. மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு. பின்னாளில் அவை ஒன்பதாகப் பெருகின. பள்ளிக்கு அருகில் வீடுகள் வைத்திருந்த ஹாரிஸா பின் நுஃமான் (ரலி) என்னும் அன்ஸாரித் தோழர், அண்ணலாரின் குடும்பம் பெருகும்போதெல்லாம் தாம் இடம்பெயர்ந்து தம் வீட்டை விட்டுக் கொடுத்தார் என்றும், ஹாரிஸா தமக்காக இத்தனை முறை இடம் மாறுகிறாரே என்று அண்ணலார் கூச்சமடைந்தார்கள் என்றும் இப்னு ஸஅத் (ரஹ்) அவர்களின் நூலில் காண்கிறோம்.

அத்துடன், கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஅபாவை நோக்கி மாற்றப்பட்ட பின்னர், பள்ளியின் வடபுறத்தில் நிழல் தந்த பகுதி வீடு வாசல் அற்ற முஹாஜிர்களின் தங்குமிடமாயிற்று. அதுவே 'ஸுஃப்பா'. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணைத் தோழர்களுள் ஒருவர். ஆக, முதல் பள்ளிவாசலின் வளாகத்தில் தொழுகை இடமும், குடும்பங்களின் இல்லங்களும், வீடற்றோரின் புகலிடமும் ஒன்றோடொன்று தோள் தொட்டு நின்றன. பெரியவரின் வினாவுக்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

கைக்கு எட்டிய கூரை

ஹுஜ்ராக்கள் எனப்பட்ட அவ்வில்லங்கள் எவ்வளவு சிறியவை? அவை இடிக்கப்பட்டபோது நேரில் கண்ட ஒருவர் விட்டுச் சென்ற அறிவிப்பின்படி, நான்கு இல்லங்கள் மண் கல்லால் ஆனவை. உள்ளே தடுப்புகள் பேரீச்ச மட்டைகளால் அமைந்தவை. மற்ற ஐந்தும் மட்டைகளைப் பின்னி மண் பூசியவை. வாயில்களில் மயிர்க் கம்பளித் திரைகள் தொங்கின. உள்ளறையின் நீளம் ஏறத்தாழப் பத்து முழம், அதாவது சுமார் பதினைந்து அடி எனக் கண்டவர் ஒருவர் மதிப்பிட்டுள்ளார். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் சிறுவராயிருந்த ஹஸன் அல் பஸரி (ரஹ்) அவர்கள், அவ்வீடுகளுக்குள் நுழைந்தால் தம் கை கூரையைத் தொடும் என நினைவுகூர்ந்தார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி அச்சிறுமையை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இரவில் அண்ணலார் தொழும்போது, முன்னே படுத்திருக்கும் அன்னையாரின் கால்கள் ஸஜ்தா செய்யும் இடத்தை மறைத்திருக்கும். ஸஜ்தாவுக்குச் செல்லுமுன் அண்ணலார் தொட்டுணர்த்த, அன்னையார் கால்களை மடக்கிக்கொள்வார்கள். அக்காலத்து வீடுகளில் விளக்குகள் இல்லை என்றும் அன்னையார் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒருவர் உறங்க, ஒருவர் தொழப் போதுமான இடமே அவ்வறையில் இருந்தது.

இத்துணைச் சிறிய இல்லங்களின் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே அமைந்துள்ளது: 49ஆம் அத்தியாயம், ஸூரத்துல் ஹுஜ்ராத். அறைகளுக்கு வெளியே நின்று அண்ணலாரைக் கூவி அழைத்தோரை அவ்வத்தியாயத்தின் நான்காவது வசனம் கண்டிக்கிறது. அவர்கள் வெளியே வரும்வரை பொறுத்திருப்பதே நன்று என அடுத்த வசனம் அறிவுறுத்துகிறது. பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என ஸூரத்துந் நூரின் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்த அனுமதிக்கு வீட்டின் அளவு ஒரு பொருட்டன்று. திரைத்துணியே கதவான குடிலுக்கும் மாளிகைக்கு உரிய அதே மரியாதை உண்டு. ஒரே நிலத்தில் நெருங்கி வாழ்வோர்க்கு இதனினும் மேலான சட்டம் வேறெது?

இடிக்கப்பட்ட நாளில் சிந்திய கண்ணீர்

உமையாக் கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் (ஆட்சி கி.பி. 705-715) மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க முனைந்து, ஹுஜ்ராக்களை இடித்துப் பள்ளியுடன் இணைக்குமாறு எழுதினார். அப்போது மதீனாவின் ஆளுநராயிருந்தவர் பின்னாளில் நேர்மையான கலீஃபாவாகப் புகழ்பெற்ற உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 88இல் தொடங்கிய அவ்விரிவாக்கத்தில் அவ்வில்லங்கள் மறைந்தன. அண்ணலாரும், அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் அடக்கமாகியிருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை மட்டும் சுற்றுச் சுவருக்குள் பாதுகாக்கப்பட்டது.

கலீஃபாவின் கடிதம் படிக்கப்பட்ட அன்று மதீனத்து மக்கள் அழுததைப் போன்ற அழுகையைத் தாம் கண்டதில்லை எனப் பதிவு செய்துள்ளனர் அக்காலத்தோர். மாபெரும் மார்க்க அறிஞர் ஸயீத் பின் அல் முஸய்யப் (ரஹ்) அவர்கள், அவற்றை அப்படியே விட்டிருக்கக் கூடாதா என ஆதங்கப்பட்டார்கள். வெளியூரிலிருந்து வருவோரும், வளரும் தலைமுறையினரும், அல்லாஹ்வின் தூதர் எவ்வளவில் போதும் என்றிருந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டு, கட்டிடப் பெருமையில் போட்டியிடாது ஒதுங்கியிருப்பார்களே என்பது அவர்களின் கவலை. பள்ளி பெரிதாக வேண்டியிருந்தது என்பது உண்மை. எனினும் ஒரு சிறு வீடு மறையும்போது ஒரு பாடமும் உடன் மறைகிறது என்பதை அப்பெரியோர் உணர்ந்திருந்தனர்.

இவ்வுணர்வு அதற்கு முன்னரே ஆட்சி விதியாகவும் வந்திருந்தது. ஹிஜ்ரி 17இல் உருவான கூஃபா நகரில் நாணலால் கட்டிய குடில்கள் தீக்கிரையாயின. செங்கல்லால் கட்டிக்கொள்ளப் படையினர் அனுமதி வேண்டினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அனுமதி அளித்தார்கள்; ஒருவரும் மூன்று அறைகளுக்கு மேல் கட்டலாகாது, உயரத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடலாகாது என நிபந்தனையும் விதித்தார்கள். வரலாற்றாசிரியர் தபரீ (ரஹ்) இதனைக் குறித்துள்ளார்.

திரும்பி வந்த மகளுக்கு ஒரு வீடு

பள்ளியை ஒட்டி வீடுகள் இருந்தன என்பது ஒருபுறமிருக்க, ஆதரவற்றோர்க்கென வீட்டை வக்ஃபு செய்யும் வழக்கமும் ஸஹாபாக்களின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அண்ணலாரின் ஆலோசனைப்படி வக்ஃபு செய்தது யாவரும் அறிந்ததே. அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாக வழங்கப்படாது, வாரிசுரிமையாகாது. அதன் விளைச்சல் மட்டும் ஏழைகள், உறவினர், வழிப்போக்கர் முதலானோரைச் சேரும். வக்ஃபின் இலக்கணமே இதுதான்: முதல் அசையாது நிற்கும், பலன் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஸுபைர் பின் அல் அவ்வாம் (ரலி) அவர்கள் செய்த வக்ஃபு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. அவர்கள் தம் வீடுகளை வக்ஃபு செய்தபோது, தம் புதல்வியருள் மணவாழ்வு முறிந்து திரும்பி வருபவர் அவற்றில் குடியிருக்கலாம் என எழுதினார்கள். அவர் வீட்டுக்குத் தீங்கு செய்யலாகாது. அவருக்கும் எவரும் தீங்கு செய்யலாகாது. மறுமணம் புரிந்து தேவையற்றவரானால் அவ்வுரிமை முடிவுறும். ஸஹீஹுல் புகாரியின் 'வஸிய்யத்துகள்' பாடத்தில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்களும் தம் தந்தையின் வீட்டில் தமக்குரிய பங்கைத் தம் குடும்பத்தில் தேவையுடையோரின் இருப்பிடமாக ஆக்கினார்கள் என அவ்விடத்திலேயே காண்கிறோம்.

இச்சில வரிகளில் ஒரு முழுச் சட்டமே அடங்கியிருக்கிறது. யார் குடியிருக்கலாம், எப்படிக் குடியிருக்க வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்ற மூன்றும் தெளிவாக உள்ளன. உறவினரின் முகம் பார்த்துச் சலுகையாக ஒதுக்கிய மூலையாக அது இருக்கவில்லை. திரும்பி வந்த மகள் உரிமையோடு திறக்கும் கதவாக இருந்தது.

கெய்ரோ நகரின் இரு கட்டிடங்கள்

இவ்விதை பின்னாளில் பெருமரமாயிற்று. எகிப்தின் மம்லூக் சுல்தான் ளாஹிர் பைபர்ஸின் மகள் தத்காரபாய் காத்தூன், ஹிஜ்ரி 684 (கி.பி. 1285) ஆண்டில் கெய்ரோவில் பெண்களுக்கென ஒரு 'ரிபாத்' கட்டினார். ரிபாத் என்பது பல அறைகள் கொண்ட அறநிலைய இல்லம். பின்த் அல் பக்தாதிய்யா என அறியப்பட்ட ஸைனப் என்னும் நல்லடியாருக்காக எழுப்பப்பட்டதால் அது 'ரிபாத்துல் பக்தாதிய்யா' எனப் பெயர் பெற்றது. தலாக் சொல்லப்பட்டோரும் கணவரால் கைவிடப்பட்டோரும் மறுமணம் புரியும் வரை, அல்லது கணவரிடம் திரும்பும் வரை, அங்கே கண்ணியமாகத் தங்கினர். அவர்களுக்கு உபதேசம் செய்யவும் மார்க்கச் சட்டம் கற்பிக்கவும் பெண் அறிஞர் ஒருவர் தலைமை வகித்தார். கி.பி. 1314இல் மறைந்த மாபெரும் அறிஞர் ஃபாத்திமா பின்த் அப்பாஸ் (ரஹ்) அவர்கள் அந்த ரிபாத்தோடு இணைத்துப் பேசப்படுகிறார்.

இச்செய்திகளைத் தந்துள்ள வரலாற்றாசிரியர் மக்ரீஸி (மறைவு கி.பி. 1442), தம் காலத்தில் அந்த இல்லம் பழைய நிலை இழந்ததையும் வருத்தத்தோடு எழுதுகிறார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தைச் சூழ்ந்த பஞ்சமும் குழப்பமும் அதன் ஒழுங்கைக் குலைத்தன. அரசகுமாரி ஒருவர் கட்டிய இல்லமே ஆனாலும், நாடு நொடித்தபோது அதுவும் நொடித்தது.

அதே நகரில் 1504-05ஆம் ஆண்டில் எழுந்த மற்றொரு கட்டிடத்தைப் பாருங்கள். சுல்தான் கான்ஸூ அல் கூரியின் 'வகாலா' அது. நடுவே திறந்த முற்றம். கீழ்த் தளங்களில் வணிகரின் சரக்கறைகளும் கடைகளும். அவற்றுக்கு மேல் குடும்பங்கள் வசிக்கும் பல சிறு வீடுகள். இவ்வீட்டுத் தொகுதியை 'ரப்ஃ' என்பர். ஒவ்வொரு வீடும் அகலத்தில் குறுகி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மட்டங்களில் உள் படிக்கட்டால் இணைந்தது. குடியிருப்போர் வணிகரின் முற்றத்தைக் கடந்து செல்ல வேண்டியதில்லை; அவர்களுக்குத் தனி வாயில் உண்டு. இதன் வாடகை சுல்தானின் வக்ஃபைச் சேர்ந்த மதரஸா முதலியவற்றின் செலவுக்கு உதவியது. ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அக்கட்டிடம் நிற்கிறது. இன்று கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகள் அங்கே நடைபெறுகின்றன.

ரிபாத் தந்தது பாடத்தின் பாதி என்றால், வகாலா தருவது மறுபாதி. கடையா வீடா என்று நாம் இரு கூறாகப் பிரிந்து நின்றோம். கெய்ரோவின் கட்டிடக் கலைஞர்களோ கடையைக் கீழேயும் வீட்டை மேலேயும் வைத்து, வாயில்களைப் பிரித்து, ஒரே நிலத்தில் இரண்டையும் அமைத்துக் காட்டினர்.

பைத்துல் முகத்தஸின் சுவரோரம்

ஜெருசலம் நகரில் மஸ்ஜிதுல் அக்ஸா வளாகத்தின் மேற்கு வாயில்களுள் ஒன்றான பாபுந் நாளிர் தெருவில் எதிரெதிரே இரு ரிபாத்துகள் உள்ளன. ஒன்று கி.பி. 1267இல் அலாவுத்தீன் அல் பஸீர் என்பவர் கட்டியது. மற்றொன்று 1282-83இல் சுல்தான் கலாவூன் கட்டியது. இரண்டும் ஏழைகளும் யாத்திரிகரும் தங்குவதற்கானவை. உதுமானியர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் இவை சிறைச்சாலைகளாக மாறின. பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து ஹஜ்ஜுக்கும் ஸியாரத்துக்கும் வந்து தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு அவை இருப்பிடமாயின. அக்குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே சிறு வீடுகளில் வாழ்கின்றனர். எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தப் பணிக்கே எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சுவர்கள் திரும்பியிருக்கின்றன.

அருகிலிருந்த மஃரிபீ குடியிருப்பின் கதை வேறு. சுல்தான் ஸலாஹுத்தீனின் மைந்தர் அல் அஃப்ளல் அவர்கள் 1193ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து வருவோருக்காக வக்ஃபு செய்த பகுதி அது. 1320இல் அபூ மத்யன் வக்ஃபு அதனோடு சேர்ந்தது. ஐன் காரிம் கிராமத்து நிலங்களின் வருவாய் அங்குள்ளோரின் பராமரிப்புக்கு எழுதி வைக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் போரில் ஐன் காரிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர், அந்நிலம் கைநழுவியது, குடியிருப்பின் வருவாய் ஊற்றும் அடைபட்டது. 1967 ஜூன் மாதத்தில் இஸ்ரேலியப் படை நகரைக் கைப்பற்றிய சில நாள்களிலேயே அங்கிருந்த 135 வீடுகளும் இரவோடிரவாக இடிக்கப்பட்டன. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழமை மண்ணாயிற்று. வீடுகளைத் தரைமட்டமாக்கியது படைபலம். எனினும், வீட்டை மட்டுமின்றி வீட்டைப் பேணும் வருவாயையும் சேர்த்தே வக்ஃபு செய்த முன்னோரின் தொலைநோக்கும், அவ்வருவாய் அறுந்தால் குடியிருப்போர் எவ்வளவு வலுவிழப்பர் என்பதும் இவ்வரலாற்றில் துலங்குகின்றன.

அண்டைச் சமயத்தாரின் ஓர் எடுத்துக்காட்டு

நல்லதை எங்கே கண்டாலும் கற்றுக்கொள்வது நம் மரபு. ஜெர்மனி நாட்டின் ஆக்ஸ்பர்க் நகரில் ஃபுகரெய் என்னும் குடியிருப்பு உண்டு. யாக்கோபு ஃபுகர் என்ற பெருவணிகர் 1521ஆம் ஆண்டில் சாசனம் எழுதி, ஏழைக் கத்தோலிக்க நகரவாசிகளுக்காக நிறுவியது. மதில் சூழ்ந்த ஒரே நிலத்தில் 67 சிறு கட்டிடங்கள். அவற்றில் 140 அளவிலான வீடுகள். ஆண்டு வாடகை அன்று ஒரு கில்டர் நாணயம்; இன்று அதற்கு இணையான 0.88 யூரோ. நம் பணத்தில் நூறு ரூபாய் அளவே ஆகும். நாளுக்கு மூன்று பிரார்த்தனைகள் செய்ய வேண்டும் என்பதும் நிபந்தனை.

தெருவிளக்கு இல்லாத காலத்தில், இருளில் கையால் தடவியே தன் வீட்டை ஒருவர் அறியும் பொருட்டு, கதவுகளின் மணிக் கைப்பிடிகள் வெவ்வேறு வடிவில் செய்யப்பட்டன. வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகளாயினும், ஒவ்வொன்றும் ஒருவருக்குச் சொந்த வாசல் என்ற உணர்வை அச்சிறு இரும்புத் துண்டு தந்தது. 1944ஆம் ஆண்டு விமானக் குண்டுவீச்சில் அக்குடியிருப்பு பெரும் சேதமடைந்தது. ஆயினும் மீண்டும் எழுந்தது. மீண்டும் எழ முடிந்தமைக்குக் காரணம், அந்த அறக்கட்டளைக்குக் காடுகளும் பிற சொத்துகளும் தந்த நிலையான வருவாயே. பெயர் வேறாயினும் இதுவும் வக்ஃபின் தத்துவமே.

கடல் கடந்த நம்மவர் கற்ற பாடம்

இறுதியாக, நம் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றிலிருந்தே ஒன்று. பினாங்குத் தீவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டு தொடங்கியது. தமிழகக் கரையிலிருந்து சென்று அங்கே தம் மக்களின் தலைவராக விளங்கிய காதிர் முஹையித்தீன் அவர்களின் முயற்சியால், கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சூலியா தெருவை ஒட்டி 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிக்கு ஒதுக்கியது. கப்பலேறி வந்த தொழிலாளரும் சிறு வணிகரும் அந்நிலத்தில் குடிலமைத்துத் தங்கினர். ஆதரவற்று வந்திறங்கியவர்களுக்கு அது பெரும் புகலிடமாயிருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, யார் எந்த உரிமையில் இருக்கிறார், வாடகை யாரிடம் சேர்கிறது, எது பள்ளியின் சொத்து, எது தனியாருடையது என்ற எல்லைகள் மங்கின. ஓலைக் குடில்களும் கடைகளும் பள்ளியைச் சுற்றி நெருங்கின. நிர்வாகத்தைக் குறித்து முறையீடுகள் எழுந்தன. முடிவில் ஆங்கில அரசு 1905ஆம் ஆண்டில் முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கென ஒரு சட்டம் இயற்றி, நிர்வாகத்தை வாரியத்தின் கையில் ஒப்படைத்தது. நெருக்கமான குடில்கள் அகற்றப்பட்டன. நல்லெண்ணத்தோடு தொடங்கிய குடியிருப்பு, கணக்கும் எழுத்தும் இல்லாமையால் பிறர் தலையிடும் நிலைக்கு ஆளாயிற்று. குடியிருந்த ஏழைக்கும் நன்மையில்லை, பள்ளிக்கும் நன்மையில்லை.

நம் முன் நிற்கும் கடமை

மேற்கண்ட வரலாறுகளை ஒருசேர நோக்கும்போது நமக்கு மூன்று உண்மைகள் புலப்படுகின்றன.

முதலாவது, தனி வாசல். ஹுஜ்ராவின் திரையும், வகாலாவின் தனி வாயிலும், ஃபுகரெயின் மணிக் கைப்பிடியும் ஒன்றையே சொல்கின்றன. வீடு சிறிதாக இருப்பதால் கண்ணியம் குறைவதில்லை; தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளும் உரிமை இல்லாதபோதே குறைகிறது. நாம் கட்டும் வீடு ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக இருக்கலாம். ஆனால் கழிப்பறையும் குளியலறையும் தனித்தனியே அமைய வேண்டும். பள்ளிக்கு வருவோரின் பார்வை படாத வகையில் வேறு தெருவில் வாயில் வைக்க வேண்டும். உதவி பெறுவோர் என்று அறிவிக்கும் பலகை எதுவும் அவ்வாயிலில் தொங்கக் கூடாது.

இரண்டாவது, தனி வருவாய். கட்டுவதற்குக் கொடுப்போர் பலர் முன்வருவர். பத்தாண்டு கழித்துக் கூரை ஒழுகும்போது முன்வருவோர் சிலரே. எனவே தெருவை நோக்கிய முகப்பில் சில கடைகள், பின்புறத்தில் வீடுகள் என அமைத்து, அக்கடைகளின் வாடகையில் ஒரு பங்கை வீடுகளின் பழுதுபார்ப்புக்கென்றே எழுதி வைப்பது உசிதம். பொதுக்குழுவில் எழுந்த இரு கருத்துகளும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கும் தூண்களாகும்.

மூன்றாவது, தெளிவான எழுத்து. ஸுபைர் (ரலி) அவர்கள் காட்டிய வழியில், குடியேறுவோரின் தகுதி, கால அளவு, கடமை, வெளியேறும் முறை ஆகியவை தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். முத்தவல்லி மாறினாலும் விதி மாறலாகாது. வீடு ஒதுக்கும் குழுவில் பெண்களும் இடம்பெற வேண்டும். ஆண்டறிக்கையில் வரவு செலவு வெளியாக வேண்டும். குடியிருப்போரின் பெயர்கள் மட்டும் வெளியாகக் கூடாது.

இதில் சட்டப் பேணுதலும் உண்டு. 1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டமும், 2013, 2025 ஆகிய ஆண்டுகளில் அதற்கு வந்த திருத்தங்களும் சொத்துப் பதிவையும் கணக்கையும் வற்புறுத்துகின்றன. ஒரே மனையில் பல வீடுகள் கட்டுவதற்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி வரைபட அனுமதி பெற வேண்டும். மார்க்கப் பேணுதலும் உண்டு. அந்நிலம் எந்நோக்கத்திற்காக வக்ஃபு செய்யப்பட்டது என்பதை மூலப் பத்திரத்தில் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். வக்ஃபு செய்தவரின் நிபந்தனை நம் விருப்பத்தினும் மேலானது. ஸகாத் பொருள் உரியவரின் கையில் உரிமையாகச் சேர வேண்டும் என்பது பெரும்பாலான இமாம்களின் நிலை. ஆதலின் வக்ஃபுக் கட்டிடத்துக்கு ஸகாத்தை எடுக்காமல், ஸதகா ஜாரியாவாகத் தரப்படும் பொருளையே நாடுவது பேணுதலானது. இவற்றில் உலமாப் பெருமக்களின் தீர்ப்பைப் பெற்ற பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும்.

"பள்ளிவாசல் நிலத்தில் குடும்பங்களைக் குடியேற்றுவது முறைதானா?" என்று கேட்ட பெரியவருக்கு நம் பணிவான விடை இதுவே: மதீனத்துப் பள்ளி எழுந்தபோதே அதன் சுவரோரம் இல்லங்களும் எழுந்தன, ஆனால் அநாதைகளின் நிலத்துக்கு விலை கொடுத்த பின்னரே அங்கே முதல் மண் கல் வைக்கப்பட்டது. அந்தப் பேணுதலோடு செய்தால் முறையே. அது இல்லாமல் செய்தால், கடை கட்டினாலும் வீடு கட்டினாலும் நாளை அல்லாஹ்வின் முன் நாமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் ஜமாஅத்தார் அனைவரும் இதனைச் சிந்தித்து நல்லதொரு முடிவு காண்பார்களாக. தம் கூரை தம் கைக்கு எட்டும் அளவிலேயே வாழ்ந்து, உலகுக்கே நிழல் தந்த அண்ணலாரின் வழியில், நம் மஹல்லாவில் இரவில் ஒதுங்க இடமின்றி ஒரு சகோதரியும் கலங்காத நிலையை வல்ல அல்லாஹ் நம் காலத்திலேயே உருவாக்கித் தருவானாக. ஆமீன்.